கணினி செதுக்கும் முழங்கால்: ஒரு சின்ன வரலாறு

ஓய்வூதியர் நாலு பேர் கூடினால் முதல் பேச்சு அகவிலைப்படி, இரண்டாவது பேச்சு முட்டிவலி. முன்பெல்லாம் மருத்துவர் எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஜவ்வு தேஞ்சிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இப்போது சில பெரிய ஆஸ்பத்திரிகளில் நம்முடைய முழங்காலையே திரையில் வண்ண வண்ணமாக நிறுத்திக் காட்டுகிறார்கள். தொடை எலும்பு ஒரு நிறம், கீழ்க்கால் எலும்பு ஒரு நிறம், முட்டிச்சில்லு தனி, இடையில் உள்ள குருத்தெலும்பு தனி. பம்பரம் மாதிரி அதைச் சுழற்றியும் காட்டுகிறார்கள். காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "எலும்பு எங்க முடியுது, ஜவ்வு எங்க ஆரம்பிக்குதுன்னு அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்படி சார் தெரியும்?"

நல்ல கேள்வி. இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

முதலில் ஓர் உவமை. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக அவனே அங்கே வடமொழியில் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறான். விசித்திரசித்தன் என்று தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்டவன், பொருத்தமான பட்டம்தான். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ-துப்ரேய் இந்தப் பல்லவக் குகைகளை ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்து 1916, 1918 ஆண்டுகளில் புத்தகங்கள் எழுதினார். அங்கே வாயிலின் இருபுறமும் கதாயுதத்தோடு நிற்கும் துவாரபாலகர்களைப் பாருங்கள். நாம் கைத்தடியை ஊன்றி நிற்பதுபோல் அவர்கள் கதையை ஊன்றி நிற்கிறார்கள். அந்த உருவத்தை யாரும் மண்ணைக் குழைத்துச் சேர்த்துச் சேர்த்துச் செய்யவில்லை. பாறையில் வேண்டாததை எல்லாம் சிற்பி நீக்கினான், நின்றது துவாரபாலகன். ஸ்கேன் படத்திலிருந்து கணினி முழங்காலை எடுப்பதும் இதே வேலைதான். ஸ்கேன் கொடுப்பது ஒரு பாறை, அதாவது புள்ளிகளால் ஆன ஒரு கட்டி. அதில் எந்தப் புள்ளி எலும்பு, எந்தப் புள்ளி குருத்தெலும்பு, எது சதை, எது நீர் என்று பிரித்து, வேண்டாததை நீக்கினால் மூட்டு நிற்கும். உளி எங்கே நிற்க வேண்டும் என்று தெரிவதுதான் முழு வித்தையும்.

பார்க்காமலே மூட்டு செய்த காலமும் ஒன்று இருந்தது. 1890-ல் பெர்லினில் தெமிஸ்டோக்ளஸ் குளுக் என்ற மருத்துவர் யானைத் தந்தத்தில் முழங்கால் மூட்டு செய்து வைத்தார். 1893-ல் பாரிசில் பெயான் என்ற அறுவை மருத்துவர், காசநோயால் தோள் எலும்பு அரித்துப்போன ஒரு ரொட்டிக்கடைத் தொழிலாளிக்குப் பிளாட்டினமும் கெட்டி ரப்பரும் சேர்ந்த தோள்மூட்டு பொருத்தினார். அதைச் செய்து கொடுத்தவர் ஒரு பல் மருத்துவர்! தந்தமும் நிற்கவில்லை, பிளாட்டினமும் நிற்கவில்லை. நோய்க்கிருமி ஜெயித்தது. ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டது 1895-ன் கடைசியில். ஆகவே இவர்கள் இருவரும் உள்ளே என்ன அளவு, என்ன வளைவு என்று தெரியாமலே உருவம் செய்தவர்கள்.

பிறகு 1940களின் பிற்பகுதியில் பாரிசில் ழுதே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் இடுப்பு மூட்டுக்குத் தலை செய்து வைத்தார்கள். கொஞ்ச காலம் பெரும் பேராக இருந்தது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவரிடம் அப்படிப்பட்ட ஒரு நோயாளி வந்தார். சாப்பாட்டு மேஜையில் முன்னால் சாய்ந்தால் மூட்டு கிறீச்சிடும், அந்தச் சத்தம் தாங்காமல் மனைவி எழுந்து போய்விடுவாராம். இந்தக் கிறீச்சைக் கேட்டுத்தான் சார்ன்லி உராய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். 1962-ல் உலோகத் தலையும் பாலிஎத்திலீன் கிண்ணமும் சேர்த்து அவர் அமைத்த இடுப்பு மூட்டுதான் இன்றைய முறைக்கு மூலம். முழங்காலுக்கு இதுபோல ஒரு நிலையான வடிவம் நியூயார்க்கில் இன்சால் குழுவினரிடமிருந்து 1974-ல் வந்தது.

நம் ஊருக்கு வருவோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பர்னார்டு கதிரியக்க நிறுவனம் 1934-லேயே தொடங்கிவிட்டது. அதே கல்லூரி வளாகத்தில் 1980களின் கடைசியிலிருந்து டாக்டர் மயில்வாகனன் நடராஜன் செய்த காரியத்தை இங்கே சொல்லாமல் போனால் கணக்கு சரிவராது. எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வருவது, அதிலும் முழங்காலை ஒட்டியே அதிகம். அந்தக் காலத்தில் தொடையோடு காலை எடுத்துவிடுவதுதான் வழக்கம். அவர் பிள்ளைக்குப் பிள்ளை படத்தை அளந்து, அந்த அளவுக்கு உள்ளூரிலேயே உலோக மூட்டு செய்வித்து, கெட்ட எலும்பை மட்டும் நீக்கிவிட்டுக் காலைக் காப்பாற்றினார். வெளிநாட்டு மூட்டு வாங்க வழியில்லாத குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு காலோடு வீடு திரும்பினார்கள். 2007-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆளுக்கேற்ற மூட்டு என்று இன்று விளம்பரப்படுத்துகிறார்களே, அதைச் சென்னையில் அளவுகோலும் எக்ஸ்ரேயும் வைத்துச் செய்து காட்டியாகிவிட்டது.

ஆனால் எக்ஸ்ரே ஒரு நிழல். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த நிழல். முழு உருவம் வேண்டுமானால் பல பக்கத்து நிழல்களைச் சேர்க்க வேண்டும். வேப்பமரத்தின் நிழலைக் காலை, நண்பகல், மாலை என்று தரையில் பார்த்து, மரத்தைப் பார்க்காமலே அதன் வடிவத்தைச் சொல்வதுபோல. இந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவர் நம்மவர், ஜி.என். ராமச்சந்திரன்.

அவர் 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், சர் சி.வி. ராமனின் மாணவர். முப்பது வயது நிறையும்போது, 1952-ல், துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அவரைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராகக் கொண்டுவந்தார். என்ன ஆராய்ச்சி செய்வது என்று தேடிக்கொண்டிருந்தபோது இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பெர்னல் என்ற அறிஞர், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்றார். கிண்டி வளாகத்துக்கு அடுத்தாற்போல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே! அங்கே இருந்த நாயுடம்மா உதவினார். கங்காருவின் வால் நாண் வந்து சேர்ந்தது. அதை எக்ஸ்ரேயில் படம் பிடித்து ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955-ல் வெளியிட்ட கட்டுரைகள்தான் உலகப் புகழ்பெற்ற மும்முறுக்கு வடிவம். மூன்று இழை சேர்த்துத் திரித்த கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் எலும்பு, தசைநாண், முட்டியில் தேய்ந்துபோகிறதே அந்தக் குருத்தெலும்பு, எல்லாவற்றுக்கும் கயிறு இதுதான். ஆக, முட்டிக்குள் இருக்கும் சரக்கு என்ன என்று கிண்டியில் கண்டுபிடித்தாகிவிட்டது.

அதே மனிதர் 1970-க்குப் பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் நிலையத்துக்குப் போனார். அங்கே ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971 செப்டம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எக்ஸ்ரே நிழல்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்பது எப்படி என்பது பொருள். அதுவரை இதற்கு ஃபூரியே கணக்கு வழியைத்தான் பெரிதும் நம்பினார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ழோசெஃப் ஃபூரியே மேல் ஒரு தனிப் பிரியம். காரணம் கணக்கு இல்லை. அந்த மனிதர் நெப்போலியன் காலத்தில் கிரெனோபிளில் பிரெஃபே, நம் ஊர்ப் பாஷையில் கலெக்டர். சதுப்பு நிலம் வடிப்பது, ரோடு போடுவது, கோப்பு பார்ப்பது எல்லாம் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று எழுதினார். 1822-ல் புத்தகமாக வந்தது. அரசாங்க உத்தியோகஸ்தர்களைச் சோம்பேறிகள் என்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் இவர்தான்.

ஃபூரியே வழியில் நிழலை முதலில் அலைகளாக மாற்ற வேண்டும், அங்கே கணக்குப் போட்டுவிட்டுத் திரும்ப உருவமாக மாற்ற வேண்டும். நாட்குறிப்பில் உள்ளதை வேறு பாஷையில் பேரேடு எழுதி, கூட்டிப் பார்த்து, பிறகு மறுபடி தமிழில் எழுதுவதுபோல. ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும், பாஷை மாற்றவே வேண்டாம், அதே பதிவேட்டிலேயே பெருக்கிக் கூட்டிவிடலாம் என்று காட்டினார்கள். ஒவ்வொரு நிழலையும் ஒரு சல்லடையில் சலித்து, வந்த திசையிலேயே திரும்ப வீசினால், எல்லாம் குறுக்கிடும் இடத்தில் உருவம் தெளிவாக விழும். சலிக்காமல் வீசினால் கலங்கலாக இருக்கும். இதே எண்ணத்தை வானொலி வானியலில் பிரேஸ்வெல் 1967-ல் சொல்லியிருக்கிறார், அதையும் சொல்வதுதான் நியாயம். எக்ஸ்ரேக்கு இவர்கள் தனியாகக் கண்டு கொடுத்தார்கள்.

அந்தக் கட்டுரை வந்த அடுத்த மாதம், 1971 அக்டோபர் 1-ந் தேதி, லண்டன் விம்பிள்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவியில் முதல் நோயாளி படுத்தார். ஹவுன்ஸ்ஃபீல்டு போட்ட கணக்கு வேறு மாதிரி. அவருடைய தொடக்க கால ஆய்வில் ஒரு பொருளைப் படம் பிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று! ஆனால் பிறகு வந்த சி.டி. கருவிகளில் பல பத்தாண்டுகளாக ஓடியது இந்தச் சலித்து வீசும் முறைதான். அந்தச் சல்லடைக்குப் பாடப்புத்தகங்களில் இன்றும் ராம்-லாக் என்று பெயர். 1979 நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்குக்கும் போயிற்று. ராமச்சந்திரனுக்கு நோபல் வராமல் போனதைப் பற்றி நம்மவர்கள் புலம்புவது உண்டு. எனக்கு அந்தப் புலம்பலில் ஈடுபாடில்லை. உலகத்து ஆஸ்பத்திரிகளில் பாதிப் பெயர் ராமாக ஓடுவது போதும்.

சி.டி.யில் எலும்பு நன்றாகத் தெரியும், குருத்தெலும்பு தெரியாது. அதற்குக் காந்தத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும். 1973-ல் லாட்டர்பர் வழி காட்டினார். இங்கேதான் சிற்பி வேலை தொடங்குகிறது.

ஒரு முட்டியின் எம்.ஆர்.ஐ.யை ஒரு ரொட்டி என்று வைத்துக்கொண்டால் அது 160 துண்டுகளாக வெட்டியது. ஆராய்ச்சிக்கு எடுக்கும் படங்களில் ஒரு துண்டின் கனம் 0.7 மில்லிமீட்டர். ஒவ்வொரு துண்டிலும் அகலத்துக்கு 384, உயரத்துக்கு 384 புள்ளிகள். பெருக்கினால் ஒரு முட்டிக்கு 2 கோடியே 36 லட்சம் புள்ளிக்குக் கிட்டே வருகிறது. நல்ல முட்டியிலேயே குருத்தெலும்பின் கனம் இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர்தான். புள்ளிக் கணக்கில் ஏறக்குறைய ஐந்தாறிலிருந்து பதினொன்று. தேய்ந்த முட்டியில் ஒன்றிரண்டு. கோடு ஒரு புள்ளி தள்ளிப் போனால் "பரவாயில்லை" என்பது "ஆபரேஷன்" ஆகிவிடும்.

ஆரம்பத்தில் இந்தக் கோட்டை மனிதர்கள்தான் போட்டார்கள். துண்டு துண்டாக, திரையில் மவுசைப் பிடித்து, ஒரு முட்டிக்குப் பல மணி நேரம். கோடு போட்ட பிறகு எல்லாத் துண்டையும் அடுக்கி மேல்தோல் போர்த்தினால் முழு மூட்டு எழுந்து நிற்கும். அப்படிப் போர்த்தும் கணக்கை அமெரிக்காவில் லோரென்சன், கிளைன் என்ற இருவர் 1987-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் கோடு போடுவதுதான் இழுபறியாக இருந்தது. வாழ்நாளெல்லாம் பதிவேட்டில் கோடு போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், இது எழுத்தர் வேலை. பெயர் வெளியே வராத வேலை.

2015-ல் ஜெர்மனியில் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ரோன்னபெர்கர் குழுவினர் யு-நெட் என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பை வெளியிட்டார்கள். மனிதன் கோடு போட்ட படங்களை அதற்குக் காட்ட வேண்டும். அது தானும் போட்டுப் பார்க்கும், தப்பை அளக்கும், திருத்திக்கொள்ளும், மறுபடி போடும். அவர்களுடைய ஒரு சோதனையில் வெறும் 30 படங்களை வைத்தே அது பழகிக்கொண்டது. அதிலிருந்து உலகம் முழுக்க இதே வழியைப் பிடித்துக்கொண்டது. மனிதன் பல மணி நேரம் போட்ட கோட்டை அது நிமிடக் கணக்கில் போடுகிறது. அந்த மூட்டை வைத்து எந்த அளவுச் செயற்கை மூட்டு பொருந்தும், எந்தக் கோணத்தில் எலும்பைச் சீவ வேண்டும் என்று மருத்துவர் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கலாம். சில ரோபோ முறைகளில் சி.டி.யிலிருந்து எடுத்த இந்த எலும்பு உருவமே ரோபோவுக்கு வரைபடம். நண்பருடைய கேள்விக்கு இதுதான் விடை: கணினிக்குத் தெரியாது, கோடு போட்ட கைகளிடமிருந்து அது கற்றுக்கொண்டது.

அப்படியானால் அடுத்த கேள்வி தானாகவே வருகிறது. யாருடைய முட்டியைப் பார்த்துக் கற்றுக்கொண்டது?

அமெரிக்க அரசின் உதவியோடு 2004-ல் தொடங்கிய மூட்டுத் தேய்மான ஆய்வு ஒன்று உண்டு. 45 முதல் 79 வயது வரை 4,796 ஆண், பெண்களின் இரண்டு முட்டிகளையும் வருஷக்கணக்காகத் தொடர்ந்து படம் எடுத்தார்கள். எடுத்ததைப் பூட்டி வைக்காமல் உலக ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். பெரிய மனசு, நாம் பாராட்ட வேண்டியது. அதில் 88 பேரின் முட்டிகளுக்கு, ஆளுக்கு இரண்டு தடவை எடுத்த 176 படங்களில், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு நிறுவனம் கோடு போட்டது. பெர்லினில் ஸூஸெ நிறுவனத்தார் 507 படங்களில், கணினி போட்ட உத்தேசக் கோட்டைத் தேர்ந்தவர்கள் கையால் திருத்திக் கொடுத்தார்கள். 507-ஐ 160-ஆல் பெருக்கிப் பாருங்கள், 81,120 துண்டுகள். முட்டிக்கான செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியில் மிகப் பெரும் பகுதி இந்தப் படங்களில் பழகியதுதான்.

அந்த 4,796 பேரில் பெரும்பாலோர் வெள்ளையர், அடுத்து கறுப்பின அமெரிக்கர். ஆசியர் விரல்விட்டு எண்ணும் அளவு. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். நம் அம்மாக்கள் குந்தி உட்கார்ந்து சாணம் தெளித்த வாசலில் கோலம் போட்டவர்கள், குனிந்து நாற்று நட்டவர்கள், சப்பணம் போட்டுச் சாப்பிட்டவர்கள், தரையில் உட்கார்ந்து மாவரைத்தவர்கள். நாற்காலிக்கு முட்டி 90 டிகிரி மடங்கினால் போதும். குந்துவதற்கு 130-ஐத் தாண்ட வேண்டும். நம் பெண்களின் தொடை எலும்பு முனை ஒடுக்கம், மேல்நாட்டு அளவில் செய்த செயற்கை மூட்டு ஓரத்தில் துருத்திக்கொள்கிறது என்று இந்திய மருத்துவர்களே பலமுறை அளந்து எழுதியிருக்கிறார்கள். வில்லைப்போல் வெளிப்பக்கம் வளைந்த கால் நம்மிடம் அதிகம். வலி முற்றும் வரை பொறுத்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவதும் நம் வழக்கம். அப்படி முற்றிய முட்டியில் எலும்போரத்தில் முள் முளைத்திருக்கும், குருத்தெலும்பு இருக்கிற இடமே தெரியாது. மனிதனும் கணினியும் தடுமாறும் இடம் அதுதான்.

கணினிக்குச் சராசரி முட்டி என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்து, அதிலிருந்து ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறலாம் என்று பழக்கும் முறையும் உண்டு. படம் கலங்கலாக இருந்தால் அது சராசரியின் பக்கம் சாயும். சராசரி யாருடையது என்பது அப்போது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. கோடு எங்கே விழுகிறது, எலும்பில் எவ்வளவு சீவப்படுகிறது என்பதே அதில் இருக்கிறது. மேலிருந்து மருத்துவர் கண் வைத்துத் திருத்துகிறார் என்பது உண்மை. ஆனால் ஒரு நாளைக்குப் பல ஆபரேஷன் பார்க்கிற இடத்தில் எத்தனை பேர் 160 துண்டையும் பார்ப்பார்கள்?

செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய். அதனால் நடுத்தரக் குடும்பங்களும் ஆபரேஷனுக்குத் துணிந்தன. விலை நமக்கு ஏற்றதாக ஆக்கியாகிவிட்டது, அளவும் நமக்கு ஏற்றதாக வேண்டாமா? அதற்குப் படங்கள் இல்லாமல் இல்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் ஜிப்மருக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. நோயாளியிடம் சம்மதம் வாங்கி, பெயர் ஊர் நீக்கி, அந்தப் படங்களில் நம் மருத்துவர்களும் மாணவர்களும் கோடு போட்டு வைத்தால், தமிழ்நாட்டு முட்டிகள் சில நூறாவது கணினிக்குப் பாடமாகும். 30 படத்தில் தொடங்கிய வித்தை இது. 1971-ல் கணக்கையே கொடுத்த மண்ணுக்குப் படம் கொடுப்பது பெரிய காரியமா?

வாசகர்களுக்கு ஒரு யோசனையும் உண்டு. ஸ்கேன் எடுத்தால் நம்மில் பலர் பிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து பீரோவுக்குப் பின்னால் செருகி வைக்கிறோம். பிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்துச் சுருக்கி அச்சடித்த சில துண்டுகள்தான். வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்கவோ, மூட்டின் உருவம் எடுக்கவோ எல்லாத் துண்டும் டைகாம் என்ற டிஜிட்டல் வடிவில் வேண்டும். ஸ்கேன் சென்டரில் பணம் கட்டும்போதே சி.டி.யாகவோ பென்டிரைவிலோ கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தேய்மானம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று மருத்துவர் சொல்ல முடியும். உறையின் மேல் தேதியையும் இடது காலா வலது காலா என்பதையும் எழுதி, ஓய்வூதியப் புத்தகம் வைத்திருக்கும் பையிலேயே வையுங்கள்.